மணலை எண்ணினால் மலை தெரியும்

மணற்பாறை என்பது எங்கோ இருந்த ஒரு மலையின் மிச்சம். மலை தேய்ந்து போயிருக்கும், மணலைச் சுமந்து வந்த ஆறும் இருக்காது. ஆனாலும் மணல் வந்த இடம் எரிமலைத் தொடரா, பழங்கண்டத்தின் உட்பகுதியா, கண்டங்கள் முட்டி எழுந்ததா என்று மணலை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

எப்படி? எண்ணித்தான். பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, 300 முதல் 500 புள்ளிகளில் எந்தத் துகள் அகப்படுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். பொறுமையைச் சோதிக்கிற வேலை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற இரண்டு கனிமங்கள், பாறைத் துணுக்கு ஆகிய மூன்றின் விகிதமும் ஒரு முக்கோண வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். அந்த முக்கோணத்தில் எந்தப் பகுதி எந்த வகை நிலத்துக்கு உரியது என்று 1979-இல் டிக்கின்சன், சுசெக் என்ற புவியியலாளர்கள் இருவரும் எல்லை பிரித்தார்கள்.

குவார்ட்ஸ் கடினமானது, எளிதில் பிளக்காது, தண்ணீரிலும் அவ்வளவாகக் கரையாது. பூகம்பமோ எரிமலையோ இல்லாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் சும்மா கிடந்த கண்டப் பகுதியில் மற்றதெல்லாம் மக்கிப்போக, கடைசியில் மிஞ்சுவது அதுதான். எரிமலைத் தொடர் என்றால் கதை வேறு: செங்குத்தான சரிவு, சீக்கிரமான அரிப்பு, அதனால் மக்க நேரமில்லாத பிளேஜியோகிளேஸ் என்ற வகை ஃபெல்ட்ஸ்பாரும் எரிமலைப் பாறைத் துணுக்குகளும் நிறைய வரும். மோதல் மலைகளில் பழைய படிவுப் பாறைகளே மடிந்து மேலே வந்து மறுபடி அரிபடுவதால், குவார்ட்ஸோடு படிவுப் பாறை, உருமாறிய பாறைத் துணுக்குகள் சேரும், ஃபெல்ட்ஸ்பார் குறையும்.

சரி, இதை அப்படியே நம்பலாமா? கூடாது. வெப்பமும் மழையும் மிகுந்த இடத்தில் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும். தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் படுகையில், தாய்ப்பாறையிலிருந்து முதன்முறையாகப் பிரிந்து வந்த மணலே ஏறக்குறைய வெறும் குவார்ட்ஸாக இருக்கிறது. விகிதத்தை மட்டும் பார்த்தால் பலமுறை அரிபட்டுப் படிந்த பழைய மணல் என்றுதான் தோன்றும். புதைந்த பிறகும் நிலத்தடி நீர் சில கனிமங்களைக் கரைத்துவிடுகிறது.

அதனால்தான் இப்போது சிர்கானையும் கேட்கிறார்கள். பொடிப்பொடியான இந்தக் கனிமத்துக்குள் இருக்கும் யுரேனியம் ஈயமாகச் சிதைகிற வேகம் தெரியும் என்பதால், ஒவ்வொரு துகளும் எப்போது படிகமானது என்று தனித்தனியாகக் கணக்கிடலாம். அமெரிக்காவின் மேற்கே இருக்கும் நவாஹோ மணற்பாறை படிந்து சுமார் 19 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன; அதிலுள்ள சிர்கான்களில் கணிசமானவை 100 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை, அவற்றின் வயதுகள் கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் அப்பலாச்சியன் மலைகளோடு பொருந்துகின்றன. ஆனால் சிர்கான் லேசில் அழியாது, ஒரு மணற்பாறையிலிருந்து உதிர்ந்து இன்னொன்றில் போய்ச் சேரும். அது நேராக வந்ததா, வழியில் எங்காவது தங்கி வந்ததா என்று அந்த வயது சொல்லாது. அதற்கு மறுபடி மைக்ரோஸ்கோப்பில் துணுக்குகளை எண்ணத்தான் வேண்டும்.