பழைய கார் ஏன் பெட்ரோல் குடிக்கிறது?

"ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டி, இதுக்கு மேல மைலேஜ் எப்படிக் கிடைக்கும்?" என்று மனதைத் தேற்றிக்கொள்பவர்கள் நிறையப் பேர். இன்ஜினுக்கு வயதாகிவிட்டது, உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது, அதனால் பெட்ரோல் குடிக்கிறது என்பது அவர்கள் போடும் கணக்கு. பெரும்பாலும் இந்தக் கணக்கு தப்பு. ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்ட இன்ஜினில் சிலிண்டரும் பிஸ்டனும் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. அவற்றுக்கு வெகு முன்பே தளர்ந்துபோவது, இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று அதன் கணினிக்குத் தகவல் சொல்லும் சென்சார்கள். அவை தப்பாகச் சொன்னால் கணினியும் தப்பாகத்தான் பெட்ரோல் கொடுக்கும். எனவே மைலேஜ் குறைந்த வண்டியில் எதையும் கழற்றி மாற்றுவதற்கு முன், தப்பான தகவல் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பம்ப்பில், குழாய் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். அடுத்த முறையும் அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் போதும். ஒரு டேங்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மூன்று நான்கு டேங்குக்குச் சராசரி எடுத்தால்தான் நெரிசலும் ஏசியும் செய்யும் ஏற்ற இறக்கம் சமப்படும்.

சரி, இன்ஜினுக்குள் போவோம். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் சில மில்லிவினாடிகள்தான் திறந்து மூடுகிறது. எத்தனை மில்லிவினாடி திறக்க வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. ஆனால் எரிவதைக் கணினி நேரில் பார்ப்பதில்லை. எவ்வளவு காற்று உள்ளே போகிறது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று சென்சார்கள் சொல்வதை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது.

இதில் முதலில் பார்க்க வேண்டியது சூடு. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. ஒரு பகுதி காற்று வரும் பாதையின் சுவரிலும் சிலிண்டர் சுவரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கணினி கூடுதலாகத் தெளிக்கிறது. இன்ஜின் சூடாகச் சூடாக இந்தக் கூடுதலைக் குறைத்துக்கொண்டே வரும். ஆக, இன்ஜின் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது என்று கணினி நம்பிக்கொண்டிருக்கும் வரை பெட்ரோல் வீணாகும்.

அந்த நம்பிக்கை இரண்டு விதமாக வரும். ஒன்று, இன்ஜின் உண்மையாகவே சூடேறாமல் இருப்பது. இன்ஜினைச் சுற்றி ஓடி அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சுமார் 80, 90 டிகிரி செல்சியஸை எட்டும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைப்பது தெர்மோஸ்டாட் வால்வின் வேலை. உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். குளிர்ந்ததும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். பழைய வண்டிகளில் இது மூடாமல் திறந்தபடியே சிக்கிக்கொள்வதுண்டு. சிலர் இன்ஜின் சூடாகிவிடுமோ என்ற பயத்தில் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அதைப் போல வண்டிக்குக் கெடுதல் செய்யும் வேலை வேறில்லை. இன்ஜின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடும், பெட்ரோல் கூடும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். அடையாளம் எளிது: நெரிசலில் நிற்கும்போது மேலே ஏறும் வெப்பமானி முள், திறந்த சாலையில் வேகம் எடுத்ததும் கீழே இறங்கும். நல்ல தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் முள் ஓரிடத்தில் நிற்கும்.

இன்னொன்று, இன்ஜின் சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் சென்சார் குறைத்துச் சொல்கிறது. கூலன்ட் சென்சார் என்பது சூடு ஏறினால் மின்தடை குறையும் ஒரு சிறு பொருள், அவ்வளவுதான். அதன் இணைப்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் தடை கூடி, இன்ஜின் இருப்பதைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டுமே சுற்றுப்புற வெப்பநிலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து டிகிரி விலகி நின்றால் அந்தச் சென்சாரையும் அதன் ஒயரையும் சோதிக்க வேண்டும்.

ஸ்கேனர் என்றதும் தயங்க வேண்டாம். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் பெட்ரோல் கார்களில் 2001 முதலும், கணினியோடு பேசுவதற்கு ஒரே மாதிரியான சாக்கெட் கட்டாயமானது. மற்ற நாடுகளிலும் பின்னால் இதேதான் பரவியது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தச் சாக்கெட்டில் ஒரு சிறிய ப்ளூடூத் கருவியைச் செருகினால், சென்சார்கள் சொல்வதையெல்லாம் போனிலேயே படிக்கலாம். 'செக் இன்ஜின்' விளக்கு எரியவில்லையே என்று சும்மா இருக்கவும் வேண்டாம். தவறு ஓர் எல்லையைத் தாண்டினால்தான் அந்த விளக்கு எரியும். எல்லைக்குள் இருந்துகொண்டே பெட்ரோலை வீணடிக்கும் கோளாறுகள் ஏராளம்.

அடுத்து ஆக்சிஜன் சென்சார். 1976-ல் வால்வோ கார்களில் அறிமுகமான காலத்திலிருந்து இதன் அடிப்படை மாறவில்லை. புகைக்குழாயில் பொருத்திய ஒரு சிர்கோனியா பீங்கான், ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும், இரு பக்க ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசத்தால் அதில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். பெட்ரோல் கூடுதலாக இருந்தால் 0.9 வோல்ட் பக்கம், காற்று கூடுதலாக இருந்தால் 0.1 வோல்ட் பக்கம். கணினி இதைப் பார்த்துப் பெட்ரோலைச் சற்றுக் கூட்டும், சற்றுக் குறைக்கும், மறுபடி கூட்டும். இன்ஜின் சூடான பின் 2,500 ஆர்பிஎம்மில் வைத்து ஸ்கேனரில் பார்த்தால், நல்ல சென்சாரின் கோடு மேலும் கீழுமாக விறுவிறுவென்று ஆடும். வயதான சென்சாரின் கோடு சோம்பலாக எழுந்து சோம்பலாக இறங்கும், அல்லது ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும். ஆயில் சாம்பல், சிலிக்கோன் பசையின் ஆவி, கரி எல்லாம் படிந்து பீங்கானின் மூச்சை அடைத்துவிடுகின்றன. அதைச் சூடாக்கும் கம்பி அறுந்துபோவதும் வழக்கம். கொஞ்சம் புதிய வண்டிகளில் வேறு வகைச் சென்சார் இருக்கும். அதன் கோடு இப்படி ஆடாது, அதைக் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் சென்சாரைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் நிதானிக்க வேண்டும். அது உண்மையைச் சொல்லியும் கணினி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். ஒரு ஸ்பார்க் பிளக்கில் இடைவெளி தேய்ந்து அகன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தீப்பொறி சில சமயம் தாண்டாது. மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்பார்கள். எரியாத அந்தச் சிலிண்டரிலிருந்து பெட்ரோலும் வெளியேறுகிறது, பயன்படாத ஆக்சிஜனும் வெளியேறுகிறது. சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். "காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை" என்று அது கணினிக்குச் சொல்கிறது. கணினி, ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும் மற்ற சிலிண்டர்களுக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டிவிடுகிறது. ஒரு பிளக்கின் கோளாறு இன்ஜின் முழுக்க வீணடிப்பாகிறது. இதில், புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வர்ட்டருக்கும் ஆபத்து: எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்கி உருக்கிவிடும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் மெல்லிய விரிசல் இருந்தாலும் இதே கதைதான். புகை அலை அலையாகப் போகும்போது இடையில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் அதையும் எண்ணிக்கொள்ளும். புதுச் சென்சார் போட்டும் மைலேஜ் கூடவில்லை என்று குறைபட்டுக்கொள்பவர்கள் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் புகைக்குழாய் இணைப்புகளையும் பார்த்தார்களா என்று கேட்பேன்.

கணினி இப்படி எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதும் ஸ்கேனரில் 'ஃபியூயல் ட்ரிம்' என்ற பெயரில் சதவீதமாகத் தெரியும். பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) அதிகமாகவும் 2,500 ஆர்பிஎம்மில் சாதாரணமாகவும் இருந்தால், ஏதோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசிகிறது என்று பொருள். கசிவின் அளவு அதேதான், ஆனால் இன்ஜின் நிறையக் காற்று இழுக்கும்போது அதன் பங்கு சிறுத்துவிடும். மாறாக, சுமை ஏற ஏறச் சதவீதமும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் ஆகியவற்றின் பக்கம் பாருங்கள்.

இன்ஜின் சரியாக எரித்தாலும் அந்தச் சக்தியை வழியில் தின்பவை உண்டு. சாதாரணப் பெட்ரோல் காரில், எரிபொருளின் சக்தியில் நான்கில் ஒரு பங்குதான் அதிகபட்சம் சக்கரத்துக்கு வருகிறது. பெரும்பகுதி புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகவே போய்விடுகிறது. அப்படி வந்து சேரும் கொஞ்சத்தில் பிரேக் கைவைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 கிலோ எடையுள்ள வண்டியைச் சமதளத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டே போக, டயரின் உருளல் தடையை வெல்ல ஏறத்தாழ 12 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை வேண்டும். பிரேக் காலிப்பர் நகர்வதற்கான 'பின்' என்ற சிறு உலோகத் தண்டு துருப்பிடித்து, பேட் விலகாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கிறது, அது 3 கிலோ அளவுக்குத்தான் தடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், உருளல் தடை கால் பங்கு கூடிவிட்டது. ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைத் தொடாமல் நீட்டிப் பார்த்தால், உரசும் சக்கரத்திலிருந்து அனல் அடிக்கும். சந்தேகம் தீரவில்லையா, வண்டியைப் பத்திரமாக ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவிப் போட்டால் பல வண்டிகளில் வேலை முடிந்துவிடும்.

டயர் காற்று பற்றி எல்லோரும் சொல்வதால் சுருக்கமாக விடுகிறேன். நான்கு டயரிலும் சராசரியாகக் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சுமார் 0.2 சதவீதம் கூடும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. பத்து பிஎஸ்ஐ குறைய ஓடுபவர்களும் இருக்கிறார்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. டயர் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டபடியே ஓடுகிறது. ஆயிலில், பழைய இன்ஜினுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று ஊற்றுவதைத் தவிர்க்கலாம். ஆயில் குறையாத, அழுத்தம் சரியாக உள்ள இன்ஜினுக்குக் கையேட்டில் சொன்ன தடிமனே போதும். கெட்டி ஆயிலைக் கலக்கிச் சுழற்றவும் பெட்ரோல்தான் செலவாகிறது.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. கார்புரேட்டர் வண்டிகளில் அதில் உண்மை உண்டு. இன்ஜெக்ஷன் வண்டிகளில் இல்லை என்று ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்துக் காட்டியது. காரணம் யோசித்தால் புரியும். சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் எப்படியும் பாதி மூடிய த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) வழியாகத்தான் மூச்சு விடுகிறது. ஃபில்டர் அடைத்திருந்தால், அதே வேகத்துக்கு உங்கள் கால் ஆக்சிலரேட்டரைத் தன்னையறியாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தும், த்ராட்டில் அந்த அளவு கூடுதலாகத் திறக்கும். மொத்தத் தடை மாறாது, உள்ளே போகும் காற்றும் மாறாது, அதற்கேற்ற பெட்ரோலும் மாறாது. முழுதாக மிதிக்கும்போதுதான் பிக்கப் குறைவது தெரியும். ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும், இன்ஜினைத் தூசியிலிருந்து காப்பது அதுதான். மைலேஜை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம் போன்றவற்றுக்குக் காசைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய கருவிகளைச் சோதித்ததில் மிகச் சிலவே ஏதாவது பலன் தந்தன, அதுவும் சொற்பம்.

ஓட்டும் முறையில் இரண்டு மட்டும். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது, அதனால் 80-லிருந்து 100-க்குப் போனால் அது 56 சதவீதம் கூடும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது சிக்கனம் என்பது கார்புரேட்டர் காலத்து யோசனை. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்தே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கணினி பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால் ஐடிலுக்குப் பெட்ரோல் செலவாகும், இன்ஜின் பிரேக்கும் போய்விடும்.

இத்தனையும் பார்த்தும் மைலேஜ் ஏறவில்லை என்றால்தான் இன்ஜினின் தேய்மானத்துக்கு வர வேண்டும். அதையும் ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து இன்ஜினை ஸ்டார்ட்டரால் சுற்றினால், எந்தச் சிலிண்டர் எவ்வளவு அழுத்துகிறது என்று தெரியும். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை, எண்களும் கையேட்டுக்குள் இருக்கின்றன என்றால் இன்ஜின் நன்றாகவே இருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வால்வு. அங்கேயும் உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இல்லாத இன்ஜின்களில், பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் மெல்ல மெல்ல அமிழ்ந்து, வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி, இறுகிப்போகும். வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும். வால்வு கருகுவதற்கு முன் பார்த்துவிட்டால், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து அந்த இடைவெளியைச் சரிசெய்ததுமே இழந்த அழுத்தம் திரும்பிவிடும்.