கவனிப்பவருக்கும் கார்டு உண்டு

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். 66 வயது. இனிப்புநீர் வியாதியால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவரைத் துடைப்பது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர்தான். கணவருக்கு ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறது. “உங்களுக்கு எடுத்தாச்சாக்கா?” என்று கேட்டேன். “நான் பார்த்துக்கிற ஆளுப்பா, எனக்கு எதுக்கு?” என்றார்.

அப்படியில்லை. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், இன்னொருவரைக் கவனிப்பவர் ஓகேயூவாகப் பதியக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஒரே வீட்டில் இருவருக்கும் கார்டு இருக்கலாம். சமூக நல இலாகாவின் பாரத்தில் டாக்டர் உறுதிப்படுத்த வேண்டும். ஐசி (அடையாள அட்டை) நகலும் படமும் சேர்த்துக் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். கட்டணம் கிடையாது.

அடுத்தது பணம். படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிக்கும் குடும்பத்துக்கு மாதம் 500 ரிங்கிட் உதவி உண்டு. வேலை செய்ய முடியாத ஓகேயூவுக்கான 300 ரிங்கிட் 18 முதல் 59 வயது வரைதான். 60 ஆகிவிட்டால் பார்க்கவேண்டியது முதியோர் உதவி. 2025 முதல் அது மாதம் 600 ரிங்கிட். இவை எல்லாருக்கும் தானாகக் கிடைப்பவை அல்ல. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், பிள்ளைகளால் தாங்க முடியுமா என்றும் விசாரிப்பார்கள். பிள்ளை பணம் அனுப்புவதில்லை என்றால் கூச்சப்படாமல் அதைச் சொல்லுங்கள். குடும்ப மானம் என்று மூடி மறைத்து உதவியை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்பதில்லை.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ‘கித்மத் பந்து டி ரூமா’, அதாவது வீட்டுக்கே வரும் உதவி. சமூக நல இலாகாவின் தொண்டர்கள் முதியவர், ஓகேயூ வீடுகளுக்கு வந்து பேச்சுத்துணையாக இருப்பார்கள், வீட்டைச் சுத்தம் செய்ய, கிளினிக்குக்குப் போக உதவுவார்கள். ஒற்றைக் காலோடு இருப்பவருக்கு கொஞ்ச நேரமாவது இன்னொரு ஜோடிக் கை கிடைப்பது சாதாரண விஷயமா? சொந்த வீட்டிலேயே தொடர்ந்து இருக்க அதுதான் தெம்பு.

மருத்துவத்துக்கு, சுகாதார அமைச்சு 2014இல் தொடங்கிய வீட்டுச் சிகிச்சைச் சேவை இருக்கிறது. கிளினிக் குழு வந்து புண்ணுக்கு மருந்து கட்டும், டியூப் மாற்றும், எப்படித் தூக்கினால் உங்கள் இடுப்பு போகாது என்றும் சொல்லித்தரும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

வளர்ந்த ஓகேயூ பிள்ளையை வைத்திருக்கும் வயதான தாய்க்குப் பக்கத்திலுள்ள பிடிகே, அதாவது ஓகேயூக்களுக்கான சமூக மறுவாழ்வு நிலையம் உதவும். பிள்ளை அங்கே பயிற்சியில் இருக்கும் நேரம் தாய்க்கு ஓய்வு.

கார்டுக்கும் பண உதவிக்கும் போகவேண்டியது உங்கள் மாவட்டச் சமூக நல அலுவலகம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15999க்குக் கூப்பிடுங்கள், அது ‘தாலியான் காசே’ உதவித் தொலைபேசி. 24 மணி நேரமும் எடுப்பார்கள். நோயாளியின் நிலையைச் சொல்லி முடித்த கையோடு, “கவனிக்கிற எனக்கும் உடம்பு முடியவில்லை” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அக்காவின் பாரத்தைப் போன வாரம் நிரப்பிவிட்டோம். டாக்டர் கையெழுத்து மட்டும் பாக்கி.