பாலிசி பேஸ்டு ரூட்டிங்: இதில் கொள்கை எங்கே இருக்கிறது?

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து டவுனுக்குப் போகிறவர்களுக்கு 1973-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தைத் தெரியாமல் இருக்காது. பஸ்ஸும் லாரியும் மேலே, சைக்கிளும் பைக்கும் கீழே. போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், ஆனால் அந்தப் பாலம் நீ எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை, நீ என்ன வண்டி என்று கேட்கிறது. கணினி வலையமைப்பில் தரவுக்கு வழி சொல்கிற பாலிசி பேஸ்டு ரூட்டிங்கும் அதேதான்.

சாதாரண ரூட்டிங்கில் சுவிட்ச் (ரூட்டர் வேலையும் பார்க்கிற வகை) பார்ப்பது, பாக்கெட் என்கிற தரவுத் துண்டு போகவேண்டிய ஐபி முகவரியை மட்டும். ரூட்டிங் டேபிள் என்கிற வழிப்பட்டியலில் அதற்கு மிக நெருக்கமாகப் பொருந்துகிற வரி எதுவோ அந்த வழியில் அனுப்பிவிடும், யார் அனுப்பினார்கள் என்பது அதற்குக் கவலையில்லை. பாலிசி பேஸ்டு ரூட்டிங்கில் அனுப்பியவர் யார், எந்த போர்ட் (சேவையைக் காட்டும் எண்), எந்த புரோட்டோகால் (பேசும் முறை) என்றெல்லாம் பார்த்து, 192.168.20.0/24 என்ற முகவரித் தொகுதியிலிருந்து வந்தால் இரண்டாவது இணைய லைனில் போ என்று நாம் ஆணையிடலாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். ரூட் என்பது லத்தீன் 'ருப்தா'விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ருப்தா என்றால் உடைக்கப்பட்டது; காட்டையோ பாறையையோ உடைத்துத் திறந்த வழி. ரூட்டு பஸ், ரூட்டு விடுவது என்று நாம் அதை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டோம், அது வேறு கதை. பாலிசியின் வேர் கிரேக்க 'போலிஸ்', அதாவது நகரம். நகர ஆட்சி, ஆளும் முறை என்று பொருள் வளர்ந்தது. எல்ஐசி பாலிசி மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. அது இத்தாலிய 'போலிட்சா'விலிருந்து வந்த சீட்டு, எழுத்து ஒன்றாக இருப்பதால் உறவுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தமிழில் இதைக் 'கொள்கை சார்ந்த வழிச்செலுத்தல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இந்தக் 'கொள்கை' ஒட்டவில்லை. கொள்கை என்றால் ஒருவர் மனதில் கொண்டிருப்பது, கட்சிக்கு உண்டு, அரசுக்கு உண்டு, சுவிட்சுக்கு எங்கிருந்து வரும்? இங்கே நடப்பதெல்லாம் இது பொருந்தினால் அதைச் செய் என்ற விதி மட்டும்தான். விதி என்றால் தலையெழுத்தும்தானே என்று கேட்கலாம், கேளுங்கள், லைன் அறுந்துபோன நாளில் அந்தப் பொருளும் பொருந்தும்.

ரூட்டிங்குக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ஆற்றுப்படுத்தல். நமக்கு ஆறு என்றாலே தாமிரபரணிதான் நினைவுக்கு வரும், ஆனால் ஆறு என்பதற்கு வழி என்றும் பொருள், 'வருமாறு', 'சொன்னவாறு' என்பதில் எல்லாம் இன்றும் அந்த ஆறுதான் ஒளிந்திருக்கிறது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனிடம் இந்த வழியாகப் போ, இந்த வள்ளலைப் பார் என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. அவன் ஆளைப் பார்த்து வழி சொல்கிறான், ரூட்டரைவிட ஒரு படி மேல். ஆக, என் கணக்கில் இது 'விதிவழி ஆற்றுப்படுத்தல்'. நீளமாக இருந்தால் விதிவழிப்படுத்தல் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

செய்முறையில் மூன்று படி. யாரைப் பிடிக்கவேண்டும் என்பதற்கு ஆக்சஸ் லிஸ்ட், பிடித்தவரை எங்கே அனுப்புவது என்பதற்கு ரூட் மேப் என்கிற விதித்தொகுப்பில் மேட்ச் (இது பொருந்தினால்), செட் (அதைச் செய்) வரிகள், அப்புறம் அந்த ரூட் மேப்பை பாக்கெட் உள்ளே வருகிற இன்டர்ஃபேஸில், அதாவது வாசலில், மாட்டுவது. உள்ளே வருகிற என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் ஒரு இடத்தில் நான் அதை வெளியே போகிற லைன் பக்கம் மாட்டிவிட்டு அரைநாள் முழித்தேன். கூட வேலை பார்த்த அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ தம்பி, எறங்குற வாசல்ல நின்னு டிக்கெட் கேட்டா எவம்ல காட்டுவான்?" என்றார்.

மாற்றி மாட்டியதும் இணையம் சரியானது, ஆனால் லேப் கணினிகளுக்குப் பக்கத்து அறை சர்வர் கிடைக்காமல் போனது. லேப் கணினிகளின் 192.168.20 முகவரியிலிருந்து வந்தால் வெளி லைன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, உள்ளூர் சர்வருக்குப் போகவேண்டியதையும் சுவிட்ச் விசுவாசமாக வெளியே தள்ளியிருக்கிறது. உள்ளூர் முகவரிகளுக்கு முதலிலேயே ஒரு டினை (deny, மறு) வரி போட்டபிறகுதான் தீர்ந்தது. ரூட் மேப்பில் டினை என்றால் தடுப்பது இல்லை, இந்த விதி உனக்கு இல்லை, வழக்கமான ரூட்டிங்கில் போ என்று விடுவது. சில பழைய சுவிட்சுகள் இந்த டினையை ஏற்பதும் இல்லை, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ரூட் மேப்புக்கு ஆங்கில எழுத்தில் ஆற்றுப்படை என்றே பெயர் வைத்தேன். எனக்குப் பிறகு வந்த தம்பி அது ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்து, அவர்களுடைய கஸ்டமர் கேர் நம்பரைத் தேடியிருக்கிறான்.