அமீனபிள் குலம்: சராசரிக்குள் ஒரு ‘சரி’

‘அமீனபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணக்கமான, சொன்னதற்கு உடன்படுகிற என்று பொருள். கணிதத்தில் அது ஒருவகைக் குலத்தின் பெயர் (குலம், group: இரண்டு உறுப்புகளைப் பெருக்கினால் அதிலேயே இன்னோர் உறுப்பு வரும், எந்தப் பெருக்கலையும் திருப்பிவிடலாம் என்ற அமைப்பு). அதோடு ஒரு சிலேடையும் சேர்ந்துகொள்கிறது. சொல்லின் நடுவே ஒரு ‘மீன்’ கிடக்கிறது. நீந்துகிற மீனல்ல, ஆங்கிலத்தில் சராசரியைக் குறிக்கும் ‘மீன்’. 1929-இல் கணிதவியலாளர் ஜான் ஃபான் நோய்மன் இக்கருத்தைக் கொண்டுவந்தபோது ஜெர்மனில் ‘அளக்கத்தக்க’ குலம் என்றுதான் சொன்னார். சிலேடைப் பெயர் 1949-இல் மாலன் டே வைத்தது.

குலம் இணக்கமானது என்றால், அதன் மீதுள்ள வரம்புடைய (மதிப்புகள் ஓர் எல்லைக்குள் நிற்கும்) சார்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி கிடைக்க வேண்டும். சார்பைக் குல உறுப்பால் நகர்த்தினாலும் அது மாறக்கூடாது. முடிவுறு குலங்களும் பரிமாற்றுக் குலங்களும் (பெருக்கும் வரிசை மாறினாலும் விடை மாறாதவை) இதற்கு இடம்கொடுக்கும். இரண்டு பிறப்பாக்கிகளுடைய (பிறப்பாக்கி: குலம் முழுவதையும் உண்டாக்கும் உறுப்பு) கட்டற்ற குலம், அதாவது பிறப்பாக்கிகளுக்கிடையே எந்த உறவும் இல்லாத குலம், கொடுக்காது. அதை உள்ளே வைத்திருக்கும் எந்தக் குலமும் கொடுக்காது.

இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘இசைகுலம்’ அழகுதான், ஆனால் பாட்டு நினைவு வந்துவிடும். ‘இணங்கு குலம்’ என் தேர்வு. சிலேடை போய்விடுகிறதே என்றால், நம் ‘சராசரி’யின் கடைசியிலேயே ஒரு ‘சரி’ இருக்கிறது: சராசரிக்குச் சரி சொல்லும் குலம்.

தமிழாக்க வேண்டிய அடுத்த சொல் ‘பொதித்தல்’ (embedding): ஒரு குலத்தை அதன் அமைப்பு மாறாமல் இன்னொரு குலத்துக்குள் வைப்பது. ‘உட்பொதித்தல்’ என்று எழுதத் தேவையில்லை. பொதி என்றாலே உள்ளேதான். எண்ணத்தக்க (உறுப்புகளை 1, 2, 3 என வரிசையிட முடிகிற) குலம் எதையும் இரண்டே பிறப்பாக்கிகளுடைய குலத்தில் பொதிக்கலாம் என்று, அதே 1949-இல், ஹிக்மனும் பெர்ன்ஹார்டு நோய்மன், ஹன்னா நோய்மன் தம்பதியும் காட்டினர். (இந்த நோய்மன் வேறு.) ஆனால் அவர்களது கட்டுமானத்தில் கட்டற்ற குலம் வந்து புகுந்துவிடும், இணக்கம் போயிற்று.

1959-இல் அத்தம்பதியே மாலைப் பெருக்கத்தால் (wreath product: ஒவ்வோர் இடத்திலும் குலத்தின் ஒரு படியை வைத்து, அந்த இடங்களை நகர்த்தவும் விடும் கட்டுமானம்) வேறு வழி திறந்தனர். அந்த வகையில் இப்படிச் செய்யலாம்: முழு எண் கோட்டில் 2, 4, 8, 16 எனும் இடங்களில் மட்டும் குல உறுப்புகளை ஒவ்வொன்றாக மாலைபோலக் கோத்துவிடுங்கள். மாலையை எவ்வளவு நகர்த்தினாலும் பழைய மாலையோடு அது ஓரிடத்துக்கு மேல் மோதாது. ஆகவே இரண்டின் பரிமாற்றியும் (வரிசை மாற்றிப் பெருக்கும்போது வரும் வேறுபாட்டைக் காட்டும் உறுப்பு) அந்த ஓரிடத்தில் மட்டுமே மிஞ்சும். உறுப்புகளெல்லாம் பரிமாற்றிகளாக அமையும்படி முன்கூட்டியே ஒரு மாலைச் சுற்று சுற்றிவிட்டால், மாலையும் நகர்த்தலுமாக இரண்டே பிறப்பாக்கிகள் முழுக் குலத்தையும் தந்துவிடும். உள்ளே பழைய குலத்தின் படிகள், மேலே பரிமாற்று அடுக்குகள். இப்படி அடுக்கினால் இணக்கம் கெடாது. எண்ணத்தக்க இணங்கு குலம் ஒவ்வொன்றும் இரண்டு பிறப்பாக்கிகளுடைய இணங்கு குலமொன்றில் பொதியும்.