அந்தக் கோடு கோணலாகத்தான் ஓட வேண்டும்

கர்ப்பிணி மகளின் என்.எஸ்.டி. தாளை, அதாவது வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் பரிசோதனைத் தாளை, படம் பிடித்து அனுப்பியிருக்கிறார் ஒரு வாசகி. 36 வாரம் முடிந்துவிட்டதாம். "டாக்டர் நார்மல் என்கிறார். ஆனால் கோடு இப்படிக் கோணல்மாணலாக இருக்கிறதே, குழந்தையின் இதயம் சீராகத் துடிக்கவில்லையா?" என்று கேட்கிறார்.

சீராகத் துடிக்கவில்லைதான். அதனால்தான் டாக்டர் நார்மல் என்றார்.

வயிற்றில் ஜெல் தடவி இரண்டு பெல்ட் கட்டுகிறார்கள். ஒன்று கர்ப்பப்பை இறுகுகிறதா என்று பார்க்கும். மற்றது கேளா ஒலியை உள்ளே அனுப்பி, அசையும் இதயத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும் என்று பள்ளியில் படித்த டாப்ளர் விளைவுதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அறை முழுக்கக் கேட்கும் அந்தத் 'தடக் தடக்' குழந்தையின் இதய ஒலியே அல்ல. போன அலைக்கும் திரும்பிய அலைக்கும் உள்ள அதிர்வெண் வித்தியாசம் நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் விழுகிறது. அதைத்தான் ஸ்பீக்கரில் விடுகிறார்கள்.

இந்த மெஷின் ஒரு நிமிடம் காத்திருந்து துடிப்பை எண்ணுவதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அளந்து, இதே வேகத்தில் போனால் நிமிடத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. இடைவெளி 429 மில்லிநொடி என்றால் 140. அதுவே 400 ஆனால் 150. அதாவது தாளில் கோடு பத்துத் துடிப்பு அளவு ஏறி இறங்குவது வெறும் 29 மில்லிநொடி விவகாரம். வயிற்றில் குழல் வைத்து எண்ணும் அனுபவசாலி நர்ஸுக்கும் இது பிடிபடாது.

சரி, இடைவெளி ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? இதயத்துக்குச் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. அதன் மேல் மூளையிலிருந்து இரண்டு கட்டளைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. பரிவு நரம்புகள் 'வேகமாக' என்கின்றன. ஆனால் அவை சொல்வது இதயத்தில் ஏற சில நொடிகள் ஆகும். வேகஸ் நரம்பு 'மெதுவாக' என்கிறது. இது உடனடி ஆள், ஓரிரு துடிப்புக்குள் வேலையைக் காட்டிவிடும். ஒன்று நிதானம், ஒன்று அவசரம். இரண்டும் விடாமல் இழுப்பதால் துடிப்பு ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. ஈர மணலில் சைக்கிள் போன தடத்தைப் பாருங்கள், நெளிந்து நெளிந்துதான் போகும். ஓட்டுகிறவர் விழிப்பாக ஹேண்டிலைத் திருத்திக்கொண்டே இருக்கிறார் என்பதற்கு அந்த நெளிவே சாட்சி.

அப்படியென்றால் அந்தத் தாளில் தெரிவது இதயம் மட்டுமல்ல, மூளையும்தான். ஆக்சிஜன் குறைந்தால் மூளையின் இந்தத் திருத்தும் வேலை மங்கும், நெளிவு தட்டையாகும். எட்வர்ட் ஹான், லீ என்ற இரு ஆய்வாளர்கள் 1963-லேயே இதைக் கவனித்தார்கள்: குழந்தை திணறும்போது துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்பே இடைவெளிகளின் ஏற்ற இறக்கம் மாறிவிடுகிறது. இன்று நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை அடிப்படை வேகம், அதன் மேல் 5 முதல் 25 வரை நெளிவு என்றால் நல்லது. 32 வாரத்துக்குப் பிறகு, 20 நிமிடத்தில் இரண்டு முறையாவது துடிப்பு 15-ஆவது கூடி, அந்த ஏற்றம் தொடங்கி அடங்க 15 நொடியாவது ஆனால் 'ரியாக்டிவ்', அதாவது நல்ல தாள், என்று எழுதுவார்கள். குழந்தை உதைக்கும்போது வேகம் கூடுவதுதான் தாளில் மேடாகத் தெரிகிறது.

கோடு தட்டையாக இருந்தால் உடனே பதற வேண்டாம். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்தத் தூக்கம் 20, 40 நிமிடம் நீளும். அதனால்தான் இன்னும் கொஞ்ச நேரம் படுக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் "ஜூஸ் குடித்துவிட்டு வாங்கம்மா" என்பதும் உண்டு. தாய்க்குச் சர்க்கரை கொடுப்பதால் கோடு திருந்துவதில்லை என்று சோதித்தே பார்த்துவிட்டார்கள். வயிற்றின் மேல் அதிரும் கருவியை வைத்து ஒலி எழுப்பினால் பலன் இருக்கிறது. ஜூஸ் வேண்டுமானால் தாகத்துக்குக் குடிக்கலாம்.

அப்புறம், "துடிப்பு 140-க்கு மேல், பெண் குழந்தைதான்" என்று அடுத்த கட்டில்காரர் யாராவது சொல்வார். துடிப்பை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. படித்த குடும்பங்களிலும் இது ஓடுவதுதான் எனக்கு எரிச்சல்.

மெஷின் மீதும் ரொம்பப் பக்தி வேண்டாம். பிரசவ நேரத்தில் தொடர்ந்து இப்படிக் கண்காணித்தால் பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது குறைகிறது. மூளை முடக்குவாதம் குறைந்ததாகத் தெரியவில்லை, சிசேரியன் கூடுகிறது. கோட்டை ஒருவர் பயப்படும்படியும் இன்னொருவர் பயப்படாதபடியும் படிப்பது ஒரு காரணம். புது மெஷின் வாங்கித் திறப்பு விழா நடத்தும் பணத்தில் பாதியை, தாளைப் படிக்க நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்கச் செலவிடலாம் என்பது என் கட்சி.

வாசகியின் மகளுக்கு ஒரு வார்த்தை. நல்ல தாள் அன்றைய நிலவரத்தைத்தான் சொல்கிறது. நாளைக்கே அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், நேற்று நார்மல் என்றார்களே என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.