சின்னக் கைக்கு சின்ன துப்பாக்கின்னு முடிவு பண்ணிடாதீங்க

போன மாசம் தண்டையார்பேட்டைல இருந்து ஒருத்தர் பத்து வயசு பொண்ண கூட்டிட்டு வந்தாரு, நான் சொல்லித்தர்ற ஏர் பிஸ்டல் பயிற்சில சேர்க்கறதுக்கு. ஃபாரம் ஃபில் பண்ணிட்டு இருக்கும்போதே போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினாரு, டல்லாஸ்ல இருக்கற அவரோட தம்பி தன் ஒன்பது வயசு பையனுக்கு ரிவால்வர் சுட சொல்லித்தர்றாரு. "இது ஃப்ரெண்டோடதாம் சார், தம்பி சொந்தமா ஒரு டுவென்டி டூ வாங்கணும்கிறான், எது வாங்கலாம்னு உங்ககிட்ட கேட்கச் சொன்னான்"னாரு. டுவென்டி டூன்னா .22 இஞ்ச் குண்டு போடற துப்பாக்கி.

நான் அந்த வீடியோவ நிறுத்தி நிறுத்தி நாலு தடவ பார்த்தேன். ரெண்டு இஞ்ச் பேரல், உள்ளங்கைல மறையற சைஸ், அலுமினியம் பாடி. பையன் ரெண்டு கையோட ஆள்காட்டி விரலையும் ட்ரிகர்ல கொடுத்து இழுக்கறான், உதட்ட கடிச்சுக்கிட்டு, இழுக்க இழுக்க பேரல் இடதுபக்கம் கீழ போகுது, வெடிக்கற நேரத்துல கண்ணு மூடிடுது. பக்கத்துல அப்பா கைதட்டறாரு. அவர் மேல எனக்கு கோபம் வரல, பாசத்துலதான் செய்யறாரு, ஆனா வயித்த கலக்கிடுச்சு.

குழந்தைக்கு கை சின்னது, அதனால துப்பாக்கியும் சின்னதா இருக்கட்டும்னுதான் எல்லாரும் யோசிக்கறாங்க. இதுதான் தப்பு. துப்பாக்கி எடை குறைய குறைய, சுடறப்ப பின்னாடி தள்ளற உதை கைக்கு ஜாஸ்தியா தெரியும். பேரல் குட்டையா இருந்தா முன் சைட்டும் பின் சைட்டும் கிட்ட கிட்ட வந்துடும், கை துளி ஆடினாலும் குண்டு எங்கயோ போகும், அதவிட முக்கியம், குழந்தை "அப்பா"ன்னு திரும்பறப்ப அந்த குட்டை வாய் சட்டுனு யார் பக்கமாவது திரும்பிடும். அப்புறம் ட்ரிகர். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டில ட்ரிகர் எடை, அதாவது ட்ரிகர இழுக்க வேண்டிய பலம், குறைஞ்சது 500 கிராம் இருந்தா போதும். இந்த மாதிரி, ட்ரிகர இழுத்தாலே ஹாமர்ங்கற சுத்தியும் பின்னாடி போய் அடிக்கற டபுள் ஆக்‌ஷன் டுவென்டி டூ ரிவால்வர்ல அது நாலஞ்சு கிலோ வரும். அஞ்சு கிலோ அரிசிப் பைய ஒத்த விரல்ல தூக்கற மாதிரி, அதுவும் கை ஆடாம. ஒன்பது வயசு பையன் என்ன பண்ணுவான்?

அதனால தம்பிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். சிங்கிள் ஆக்‌ஷன் பாருங்க, இரும்பு பாடி, பேரல் நாலு இஞ்சுக்கு குறையாம, பிடி மெலிசா. ரூகர் பேர்கேட் மாதிரி ஒண்ணு, கிட்டத்தட்ட 680 கிராம், பிடியும் சின்னது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஹாமர கட்டைவிரலால பின்னாடி இழுத்து வச்சாதான் சுடும், அந்த ரெண்டு செகண்டு உங்களுக்கு கிடைக்குது, பையன் எங்க பார்க்கறான், விரல் எங்க இருக்குன்னு கவனிக்கறதுக்கு. வாங்கறதுக்கு முன்னாடி கடையிலயே அவன் கட்டைவிரலுக்கு ஹாமர் வருதான்னு பாருங்க, வழுக்குதுன்னா இன்னும் ஒரு வருஷம் போகட்டும். செகண்ட் ஹேண்ட்ல பழைய ரூகர் சிங்கிள்-சிக்ஸ் கிடைச்சா வருஷத்த பாருங்க, 1973க்கு முந்தினதுல டிரான்ஸ்ஃபர் பார், அதாவது ட்ரிகர இழுத்தா மட்டும் ஹாமர் அடி குண்டுக்குப் போக விடற தகடு, கிடையாது, ஹாமர் குண்டு மேல உட்கார்ந்திருக்கறப்ப கீழ விழுந்தா வெடிக்க வாய்ப்பு இருக்கு.

ஆரம்பத்துல ஒரே ஒரு ரவுண்டுதான் போடணும், மத்த ஓட்டையெல்லாம் காலி. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கு பாருங்க, அதுவழியா சூடான கேஸும் ஈயத்தூளும் பக்கவாட்டுல அடிக்கும், ரைஃபிள் பிடிச்சு பழகின பசங்க இடதுகைய முன்னாடி கொண்டுபோய் அங்கதான் வைப்பாங்க. கண்ணாடி கட்டாயம். டுவென்டி டூ சத்தம் கம்மின்னு நினைக்காதீங்க, கைத்துப்பாக்கில அது 140 டெசிபல தாண்டும், காது நரம்பு போனா திரும்பாது. உள்ள ஃபோம் பிளக், மேல மஃப், ரெண்டும் போடணும், சின்ன தலைல கண்ணாடிக் காம்பு மஃப தூக்கி விட்டுடும், அந்த கேப்ப விரல் வச்சு தடவிப் பாருங்க. சுட்டு முடிச்சு கை கழுவாம சிப்ஸ் பாக்கெட்ட குடுக்காதீங்க, குண்டுலயும், அத பத்தவைக்கற ப்ரைமர் மருந்துலயும் ஈயம் இருக்கு, பெரியவங்கள விட பசங்க உடம்பு அத ஜாஸ்தியா இழுத்துக்கும். பச்சத்தண்ணி, சோப்பு, அப்புறம்தான் தீனி.

இங்க இருந்து லீவுக்கு போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். விசிட்டர் விசாவுல போனா அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கிய வச்சிருக்கவே கூடாது, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடறதும் அதுல வரும், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குதான். ஃபோட்டோவுக்காக பேரப்பிள்ளையோட துப்பாக்கிய பிடிக்கற தாத்தாங்களுக்கு இது தெரியறதில்ல.

நம்ம ஊர்ல 21 வயசு ஆகாம யாருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் கிடையாது, 2016 ஆயுத விதிப்படி 12 வயசுக்கு மேல பயிற்சிக்காக, அதுவும் கூட ஆள் நின்னு மேற்பார்வை பார்க்கறப்ப மட்டும் சுடலாம். அதனால ஏர் பிஸ்டல்ல ஆரம்பிங்கன்னு சொல்றேன், பேரல் ஓட்டை .177 இஞ்ச், குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் தேவையில்ல. ஆனா லைசென்ஸ் இல்லங்கறதுக்காக வியாசர்பாடி மொட்டைமாடில வச்சு சுடக்கூடாது, பக்கத்து மாடில துணி காயப்போட ஒருத்தர் வருவாங்க, கண்ணுல பட்டா கண்ணு போச்சு.

அந்த தண்டையார்பேட்டை பொண்ணு இப்ப சனி ஞாயிறு வருது. வீட்டுல நல்லா கேரம் ஆடுமாம், அது மொத நாளே தெரிஞ்சுது, ஸ்ட்ரைக்கர சுண்டற மாதிரி ட்ரிகர சுண்டிடுச்சு. நம்ம பக்கத்து பசங்க நிறைய பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. பெல்லட் இல்லாம, பேரல் மேல ஒரு ரூபா காசு வச்சு, காசு விழாம ட்ரிகர அமுக்க சொல்லியிருக்கேன். மொத வாரம் ஒவ்வொரு தடவையும் விழுந்துது. நேத்து ஆறு தடவ நின்னுது, ஏழாவதுல விழுந்துடுச்சு, குனிஞ்சு எடுக்கறதுக்கு முன்னாடி பிஸ்டல டேபிள் மேல, வாய் டார்கெட்டப் பார்த்தபடி வச்சுட்டுதான் குனிஞ்சுது. யாரும் ஞாபகப்படுத்தல.