ஒரு சாண் கேபிள்

கச்சான் காற்று மட்டக்களப்பை வறுத்தெடுத்த ஒரு நண்பகலில், மாணவி ஒருத்தி அலைவுகாட்டியைக் காட்டி, "சேர், காலையில் எடுத்த நேரமும் இப்போது எடுக்கும் நேரமும் ஒத்துவரவில்லை" என்றார். துகள் வந்து சேரும் நேரத்தை அளக்கும் எங்கள் உணரியை யாரும் மாற்றவில்லை. ஆய்வுகூடத்தின் குளிரூட்டி மட்டும் பழுதாகி நின்றிருந்தது.

துகள் பட்டால் உணரியின் பிளாஸ்டிக் தகடு மினுங்கும். அந்த ஒளியை மின் துடிப்பாக மாற்றும் சிலிக்கன் ஒளியுணரிக்கு வெக்கை ஆகாது. வெப்பம் ஏறினால் அதன் முறிவு மின்னழுத்தமும், அதாவது சமிக்ஞையைப் பலமடங்கு பெருக்க அது தாண்ட வேண்டிய மின்னழுத்தமும், ஏறும். நாம் கொடுக்கும் மின்னழுத்தம் மாறாதிருப்பதால் பெருக்கம் குறைந்து, துடிப்பு சிறுக்கும். சிறுத்த துடிப்பு நாம் வைத்த மட்டத்தை எட்டச் சற்றுப் பிந்தும். துகள் உரிய நேரத்தில்தான் வந்தது. நம் பதிவில் அது பிந்தி வந்ததாகிவிடுகிறது.

இது சின்ன விஷயமல்ல. சுவிற்சர்லாந்தின் பவுல் ஷெரர் நிறுவனத்தில் நடக்கும் மெக் 2 பரிசோதனை, மியூவான் (இலத்திரனின் கனத்த உறவுத் துகள்) ஒன்று பொசித்திரனாகவும் (இலத்திரனின் எதிர்த்துகள்) காமாக் கதிராகவும் மட்டும் சிதைகிறதா என்று தேடுகிறது. அப்படிச் சிதைவது 2 இலட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு என்று அதன் முன்னோடியான மெக் 2016இலேயே காட்டிவிட்டது. அப்படிச் சிதைந்தால் பொசித்திரனும் காமாவும் ஒரே கணத்தில் எதிரெதிரே புறப்பட வேண்டும். ஆனால் செக்கனுக்குக் கோடிக்கணக்கில் மியூவான்கள் வந்து விழும் இடத்தில், ஒன்றின் பொசித்திரனும் வேறொன்றின் காமாவும் தற்செயலாகக் கூடிவந்து ஏமாற்றும். கூடப்பிறந்தவர் யார், வழிப்போக்கர் யார் என்று பிரிப்பதில் நேரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கென்றே அங்கே 512 பிளாஸ்டிக் தகடுகள் இருக்கின்றன. ஒரு பொசித்திரன் பல தகடுகளைக் கடப்பதால், மொத்தத் துல்லியம் 40 பிக்கோ செக்கன் அளவுக்கு வருகிறது (ஒரு பிக்கோ செக்கன் என்பது செக்கனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு). அதற்குள் ஒளிகூட 12 மில்லிமீற்றர்தான் நகரும்.

நம் மேசையில் கிடக்கும் சாதாரண ஓரச்சுக் கேபிளில் (coaxial) சமிக்ஞை ஒரு மீற்றரைக் கடக்க ஏறக்குறைய 5 நனோ செக்கன், அதாவது 5,000 பிக்கோ செக்கன், ஆகும். ஒரு சாண் கூடுதல் நீளமான கேபிளை மாட்டினால் ஆயிரம் பிக்கோ செக்கன் போய்விடும்! அப்படி மாற்றியதைக் குறித்துவைக்காததால் இரண்டு நாள் அளவீட்டை நான் இழந்திருக்கிறேன்.

ஆகவே, வானிலிருந்து இறங்கும் மியூவான்களைக் கொண்டு உணரி சோதிக்கும் மாணவர்களே, முதலில் வெளிச்சம் புகாதபடி கறுப்பு நாடா சுற்றிய தகட்டின் ஓரமெங்கும் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். எண்ணிக்கை எகிறினால் அங்கே ஓட்டை இருக்கிறது. பிறகு ஒரே மாதிரியான இரண்டு உணரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நேர வித்தியாசத்தின் பரவலை எடுங்கள். அதை 2இன் வர்க்கமூலத்தால் வகுத்தால்தான் ஓர் உணரியின் துல்லியம். வகுக்காமல் எழுதினால் நல்ல உணரியையே குறைத்து மதிப்பிடுவீர்கள்.

அந்த மாணவியின் குறிப்பேட்டில் இப்போது ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்தில் அறையின் வெப்பநிலையும் கேபிளின் எண்ணும் இருக்கின்றன.